பழைய பூனை, புது வரவு: மும்பை ஃபிளாட்டில் பயந்த பூனையைப் பழக்குவது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செம்பூரில் எங்கள் வீடு 450 சதுர அடி. ஹால், ஒரு படுக்கையறை, அடுக்களை, அதன் மேலே ஒரு பரண். மாமியாரோடு சேர்த்து மனிதர்கள் நான்கு பேர், பூனைகள் இரண்டு. மூத்தது மிளகு, கறுப்புப் பெட்டை. வாட்ச்மேன் விசில் ஊதினாலே பீரோவுக்குப் பின்னால் ஓடிவிடும் பயந்தாங்கொள்ளி. இளையது போண்டா, ஒரு ஜூலை மழையில் மீட்டர் பெட்டிக்குக் கீழே நனைந்துகொண்டிருந்த கடுவன். இரண்டும் ஒரு வீட்டில் இருப்பது தெரிந்ததிலிருந்து லிஃப்டிலும், மாட்டுங்கா மார்க்கெட்டிலும், கல்யாணப் பந்தியிலும்கூட என்னிடம் இதே கேள்விகள்தான். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் ஓட வேண்டிய இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

இரண்டையும் ஹாலில் ஒன்றாக விட்டால் இரண்டு நாளில் தானாகப் பழகாதா? ஊரில் எங்கள் பாட்டி வீட்டில் அப்படித்தானே வளர்ந்தன?

பாட்டி வீட்டுப் பூனைக்குத் திண்ணை இருந்தது, கொல்லை இருந்தது, வைக்கோல்போர் இருந்தது. பிடிக்காத பூனை வந்தால் அது பாட்டுக்கு மதில் தாண்டிப் போய்விடும், பசித்தால் திரும்பி வரும். மூன்றாவது மாடியில் கதவு சாத்திய ஃபிளாட்டில் அது எங்கே போகும்?

நானும் இதே நினைப்பில்தான் போண்டாவைக் கூடையோடு கொண்டுவந்து ஹால் நடுவில் திறந்துவிட்டேன். மிளகு ஒரு தரம் சீறியது. அடுத்த நொடி ஃபிரிட்ஜ் மேல் தாவி, அங்கிருந்து பரணுக்குள் போய், பழைய குத்துவிளக்குப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. நான்கு நாள் இறங்கவில்லை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு வந்து இரண்டு வாய் தின்றுவிட்டு ஏறிவிடும். மூன்றாம் நாள், மாமியார் துவைத்து மடித்து வைத்திருந்த ஒன்பது கஜப் புடவைமேல் மூத்திரம் பெய்துவிட்டது. வீட்டில் எழுந்த கூச்சலைக் கேட்டு இன்னும் இரண்டு நாள் பரண்.

தப்பு பூனைமேல் இல்லை. நமக்கு வீடு என்றால் சுவரும் சாமான்களும். பூனைக்கு வீடு என்பது வாசனை. கன்னம், நெற்றி, பாத இடுக்கு இங்கெல்லாம் அதற்கு வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. கதவு நிலையில், நாற்காலிக் காலில், உங்கள் கெண்டைக்காலில் அது கன்னத்தைத் தேய்ப்பது கொஞ்சுவதற்காக மட்டும் இல்லை. ‘இது என் இடம், இங்கே பயமில்லை’ என்று எழுதிவைக்கிறது. அன்னியப் பூனையோ நாயோ திடுதிப்பென்று நுழைந்தால் அந்த எழுத்தெல்லாம் அழிந்த மாதிரி. அதனால் கண்ணுக்கு முன்னால் மூக்கைப் பழக்க வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி இந்த ஒரு விஷயத்துக்குத்தான் வரும்.

எத்தனை நாள் ஆகும்?

குட்டி என்றால் இரண்டு மூன்று வாரத்தில் முடியலாம். வளர்ந்த பூனைகள் இரண்டு என்றால் மாதக்கணக்கில்கூட ஆகும். மிளகுக்கு ஏழு வாரம். காலண்டரைப் பார்த்து நடத்தாதீர்கள், பயந்த பூனையின் வேகம்தான் வேகம்.

ஒரே படுக்கையறை உள்ள வீட்டில் எப்படிப் பிரித்து வைப்பது?

மும்பையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். வெளிநாட்டு ஆலோசனைகளில் ‘தனியாக ஓர் அறையை ஒதுக்குங்கள்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இங்கே அந்த அறையில் ஒருவர் வொர்க் ஃபிரம் ஹோம் பார்ப்பார், இன்னொருவர் பரீட்சைக்குப் படிப்பார்.

முதலில் ஒரு விதி: அறைக்குள் போக வேண்டியது புதுசு, பழையது இல்லை. பழைய பூனையின் தட்டு, தூங்கும் இடம், ஜன்னலோரம் எதையும் மாற்றாதீர்கள். படுக்கையறையைக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். உங்கள் பூனை ராத்திரி உங்கள் கட்டிலில்தான் தூங்கும் என்றால் அந்த அறையைப் பறிக்காமல், காய்ந்த குளியலறையையோ மூடிய பால்கனியையோ புதுசுக்கு விடலாம். நாங்கள் பகலில் படுக்கையறை, இரவில் குளியலறை என்று போண்டாவை மாற்றி மாற்றி வைத்தோம். காலையில் பக்கெட்டுக்குள் உட்கார்ந்து எங்களைப் பார்க்கும்.

சால் என்கிற பழைய வரிசைக் குடியிருப்பு மாதிரி ஒரே அறை என்றால், நாய்க்கு விற்கும் பெரிய மடக்குக் கூண்டு ஒன்றை வாங்கி, மூன்று பக்கம் பழைய பெட்ஷீட் போட்டு மூடி, உள்ளே லிட்டர் டிரே (பூனை மலஜலம் கழிக்கும் மணல் தட்டு), தண்ணீர், படுக்கத் துணி வைக்கலாம். கூண்டு பழைய பூனையின் நடைபாதையில் இருக்கக் கூடாது, மூலையில் இருக்கட்டும். அதுவும் முடியாவிட்டால் முதல் பத்து நாள் சொந்தக்காரர் வீட்டில் விட்டு, துணிகளை மட்டும் இங்கும் அங்கும் கொண்டுபோய் வாருங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

நிறையப் பேர் மறப்பது ஜன்னலை. பயந்த பூனை எந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறதோ அந்தப் பக்கம் பாயும். புறாவுக்காகக் கட்டிய நைலான் வலையை நம்பாதீர்கள், ஓரம் தளர்ந்திருந்தால் அதன் வழியே போய்விடும், கடித்தும் அறுக்கும். புதுசு வரும் முன்பே வலையை ஒருமுறை இழுத்துப் பாருங்கள், ஸ்லைடிங் ஜன்னலைச் சாத்திவையுங்கள். கீழே விழுந்தாலும் பூனைக்கு ஒன்றும் ஆகாது என்பதெல்லாம் கதை. தாடை உடைந்து, நெஞ்சில் அடிபட்டு வரும் பூனைகளை எந்த விலங்கு மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார்.

அப்புறம், பரண். அதை அடைக்காதீர்கள். உயரத்தில் ஓர் ஒளிவிடம் இருப்பதே பயந்த பூனைக்குப் பாதி வைத்தியம். மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டு, ஏற இறங்க இரண்டு வழி இருக்கும்படி ஸ்டூலை நகர்த்தி வைத்தால் போதும்.

வாசனையைப் பழக்குவது என்றால் சரியாக என்ன செய்ய வேண்டும்?

சுத்தமான பழைய பனியன் துணி இரண்டு எடுங்கள். ஒன்றால் புதுசின் கன்னத்தையும் நெற்றியையும் மெதுவாகத் துடையுங்கள். மற்றதால் பழையதை. துணியை மாற்றி, அவரவர் சாப்பாட்டுத் தட்டுக்குக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். மோந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டால் நல்லது. சீறினால் துணியை இன்னும் தள்ளிப் போடுங்கள், தட்டை நகர்த்தாதீர்கள். மிளகு முதல் துணியை ஹால் மூலையில் வைத்ததற்கே அடுக்களைக்குள் வர மறுத்தது. ஐந்தாம் நாள் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தது.

அடுத்தது சாத்திய கதவு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சாப்பாடு. முதல் நாள் கதவிலிருந்து ஆறடி தள்ளித் தட்டை வைத்து, இரண்டும் நிம்மதியாகச் சாப்பிட்டால் மறுநாள் அரையடி கிட்டே கொண்டுவாருங்கள். எங்கே சாப்பிடத் தயங்குகிறதோ அங்கேயே சில நாள் நில்லுங்கள். கதவுக்கு அந்தப் பக்கத்து வாசனை வந்தால் நல்ல சாப்பாடும் வரும் என்று பூனையின் மனதில் பதிய வேண்டும். அதனால் இந்த நாள்களில் மட்டும் ஸ்பெஷல் கொடுங்கள். உப்பு, மசாலா, முள் இல்லாமல் வேகவைத்த மீனோ கோழியோ போதும். எங்கள் வாசலுக்கு மீன் கொண்டுவரும் கோளி அம்மாவுக்கு மிளகின் வாசனைப் படிப்பு எத்தனையாவது பாடத்தில் இருக்கிறது என்பதுவரை தெரியும்.

கதவோரம் இரண்டும் சாதாரணமாகச் சாப்பிடும் கட்டம் வந்ததும் இடத்தை மாற்றுங்கள். புதுசு அரைமணி நேரம் ஹாலில், பழையது அந்த அறையில். ஒன்றை ஒன்று பார்க்காமல் இன்னொன்றின் இடத்தை மோந்து சுற்றும்.

நாங்கள் சைவம். தயிர்சாதம், பால் மட்டும் கொடுத்தால் போதாதா?

போதாது. பூனை பிறவி மாமிச உண்ணி. டாரின் என்ற சத்து உணவிலிருந்தே அதற்குக் கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். கைபடாமல் கொடுக்கப் பாக்கெட்டில் பூனைத் தீனி இருக்கிறது, அதில் டாரின் சேர்த்திருப்பார்கள். பாலும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது, வயிற்றால் போகும். தெனாலிராமன் பூனை பாலைக் கண்டு ஓடியதில் ஒரு நியாயம் இருக்கிறது.

முதல்முறை நேருக்கு நேர் எப்போது, எப்படி?

கதவோரம் பயமில்லாமல் சாப்பிட ஆரம்பித்த பிறகு. நம் வீடுகளில் இதற்கென்றே செய்தமாதிரி ஒரு சாமான் இருக்கிறது: கொசுவலைக் கதவு. இல்லாவிட்டால் வெல்க்ரோ ஒட்டிய ஜன்னல் கொசுவலையை நிலையில் ஒட்டுங்கள், கீழ்ப்பாதிக்கு அட்டை வைத்து மறைத்து, நாளுக்குக் கொஞ்சமாக அட்டையைத் தாழ்த்துங்கள். பாயும் பூனையை வெறும் கொசுவலை தாங்காது, நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஐந்து நிமிடம் போதும். இரண்டும் நன்றாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ‘இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமே’ என்ற ஆசையில்தான் எங்கள் வீட்டில் இரண்டாம் வாரத்து உழைப்பு முழுக்க வீணாகி, திரும்பவும் துணியிலிருந்து ஆரம்பித்தோம். பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டாதீர்கள். அது பயந்து உதறினால் கிழிவது உங்கள் முன்கைதான்.

பார்க்க வேண்டியது காதும் வாலும். காது பின்பக்கம் தட்டையாக மடங்கி, வால் சாட்டைபோல் அடித்து, கண்பாவை விரிந்து, இமைக்காமல் முறைத்தால் திரையைப் போடுங்கள். கண்ணை மெதுவாக மூடித் திறந்து, வேறு பக்கம் பார்த்து, உட்கார்ந்து நக்கிக்கொண்டால் நல்ல சகுனம்.

சீறினால் அதட்டலாமா? தண்ணீர் தெளிக்கலாமா?

வேண்டாம். சீறல் என்பது ‘கிட்டே வராதே’ என்ற பேச்சு, அடி இல்லை. அதட்டினால் புதுசு வந்தாலே நமக்குத் திட்டு விழுகிறது என்றுதான் பழையது கற்றுக்கொள்ளும்.

விளையாட்டா சண்டையா என்று எப்படித் தெரியும்?

விளையாட்டில் முறை மாறும். ஒருமுறை இது துரத்தும், ஒருமுறை அது. நகம் உள்ளே இருக்கும், சத்தம் அதிகம் வராது. சண்டையில் அலறல், பறக்கும் முடி, ஒன்றே எப்போதும் ஓடுவது.

இதைவிட ஏமாற்றுவது சத்தமே இல்லாத அடக்குமுறை. ஒரு பூனை லிட்டர் டிரேக்குப் போகும் வழியில் சும்மா படுத்திருக்கும், பார்த்துக்கொண்டே இருக்கும். மற்றது நாள் முழுக்க அந்தப் பக்கமே போகாது. ‘ரெண்டும் சமத்தா இருக்கு’ என்று நாம் சந்தோஷப்படுவோம். போண்டா இப்படித்தான் அடுக்களை வாசலில் படுத்து மிளகை இரண்டு நாள் பட்டினி போட்டான். தட்டுகளை ஒன்றுக்கொன்று தெரியாத இரண்டு இடத்தில் வைத்த பிறகுதான் சரியானது.

கட்டிப் புரண்டால் நடுவில் கையை விடாதீர்கள். தலையணையையோ அட்டையையோ இடையில் நுழையுங்கள், அல்லது போர்வையைப் போடுங்கள். அப்புறம் இரண்டையும் தனித்தனியே இருட்டான அறையில் சில மணி நேரம் விடுங்கள். கொதிப்பில் இருக்கும் பூனை தூக்கப் போகிறவரையே கடிக்கும். பூனைக்கடியைச் சின்னது என்று விடக் கூடாது, பல் ஆழமாக இறங்கிச் சீழ் வைக்கும். சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். பூனையாலும் வெறிநோய் பரவும்.

புதுசு வந்ததிலிருந்து என் பூனை சாப்பிடவே இல்லை. பொறுத்துப் பார்க்கலாமா?

ஒரு நாள் முழுக்க எதுவும் சாப்பிடாவிட்டால் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள், இரண்டாம் நாள்வரை இழுக்காதீர்கள். குறிப்பாகக் குண்டுப் பூனை. பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

அதைவிட அவசரம் ஒன்று: கடுவன் பூனை அடிக்கடி டிரேயில் உட்கார்ந்து முக்கியும் மூத்திரம் வராவிட்டால் காலைவரை காத்திருக்காமல் கிளம்புங்கள். மனப் பதற்றமும் மூத்திரப்பை அழற்சியும் பூனைகளில் சேர்ந்தே வரும், கடுவன்களுக்குக் குழாய் அடைத்துக்கொள்ளும். பரேலில் ‘பாய் சாகர்பாய் தின்ஷா பெட்டிட்’ விலங்கு மருத்துவமனை இருக்கிறது. நூறு வருடத்துக்கும் மேல் பழையது, ஆட்டோ, டாக்சிக்காரர்களிடம் விலங்கு ஆஸ்பத்திரி என்றாலே தெரியும். உங்கள் பேட்டையில் இரவில் திறந்திருக்கும் கிளினிக் எது என்பதை முன்கூட்டியே விசாரித்துவையுங்கள்.

எத்தனை லிட்டர் டிரே? வெளியே போய்விட்டால் எதைப் போட்டுத் துடைப்பது?

பூனை எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பூனைக்கு மூன்று. இடமில்லாவிட்டால் குறைந்தது இரண்டு, ஒன்றாக அடுக்காமல் தூரத் தூர.

துடைக்க ஃபினாயில் வேண்டாம். இதை என் மாமியாருக்குப் புரியவைக்க ஒரு மாதம் ஆனது. ஃபீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். மேலும் காட்டமான வாசனை அதன் வாசனையை அழிப்பதால் அது திரும்ப அதே இடத்தில் குறி போடும். விலங்குக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவம்தான் கறையின் வாடையை உண்மையாகப் போக்கும்.

வரப்போவது பூனை இல்லை, நாய்க்குட்டி. இதே வழிதானா?

வாசனை, கதவு எல்லாம் இதேதான். கூடுதலாக, முதல் சில வாரம் நாய்க்குட்டிக்கு வீட்டுக்குள்ளும் கயிறு. பூனை ஓடினால் குட்டி துரத்தும், துரத்தினால் பூனை இன்னும் ஓடும். ஒருமுறை அந்த ருசி தெரிந்துவிட்டால் நிறுத்துவது கஷ்டம். குட்டியை நன்றாக நடக்கவைத்துக் களைத்த பிறகு பார்க்கவிடுங்கள். பூனையைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தால் உடனே தின்ன ஏதாவது கொடுங்கள். பூனையின் தட்டும் டிரேயும் நாய்க்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். எட்டினால் இரண்டையும் காலி செய்யும், டிரேயைச் சொல்கிறேன்.

நாயின் உண்ணிக்குக் கழுத்தில் விடும் மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாது, பூனைக்கு விஷம். ஈரம் காயாத நாயோடு ஒட்டிப் படுத்தாலே வலிப்பு வரலாம். வாங்கும்போதே வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லுங்கள்.

கிளி, மீன்?

மீன் தொட்டிக்குக் கனமான மூடி போட்டால் முடிந்தது, பூனைக்கு அது டிவி. பறவையைப் பூனையோடு பழக்கவே முயலாதீர்கள். நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தெருவில் எடுத்த குட்டி. தடுப்பூசி முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?

குறைந்தது இரண்டு வாரம் தனியே வையுங்கள், பூனைகளை வாட்டும் பார்வோ வகைக் காய்ச்சல் இருந்தால் அதற்குள் வெளிப்பட்டுவிடும். அந்தக் கிருமி ஒரு வீட்டில் ஒரு வருடம்வரை உயிரோடு இருக்கும். பழைய பூனைக்கு ஊசி போட்டாயிற்றா என்று முதலில் பாருங்கள். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் ஆரம்பித்து மூன்று நான்கு வார இடைவெளியில் போடுவார்கள். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். கருத்தடையைத் தள்ளிப்போடாதீர்கள், பெட்டைக்குட்டி நாலைந்து மாதத்திலேயே சினையாகும். வளர்ந்த கடுவனுக்கு ஆபரேஷன் செய்தால் குணம் மறுநாளே மாறாது, சில வாரம் பிடிக்கும்.

டிஃப்யூசர், மாத்திரை, பூனைவணங்கி… எது வேலை செய்யும்?

பிளக்கில் மாட்டும் ஃபெரோமோன் டிஃப்யூசர், கன்னத்து வாசனையைப் போலச் செயற்கையாகச் செய்தது. சில வீடுகளில் உதவுகிறது, சிலவற்றில் பணம்தான் ஆவியாகிறது. மாத்திரை மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும். நம் பாராசிட்டமால் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும்.

குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்ற பெயர் சும்மா வரவில்லை. பிடுங்கிய வேரைக் கண்டால் பூனை வந்து முகத்தைத் தேய்த்துப் புரளும். பார்க்க வேடிக்கைதான், ஆனால் அறிமுக நாள்களில் கொண்டுவராதீர்கள். ஒரு பூனை சொக்கிப் புரளும், இன்னொன்று வெறியேறி அடிக்கும்.

புதுசைக் கொண்டுவர நல்ல நேரம் எது?

பஞ்சாங்கம் வேண்டாம், சத்தத்தைப் பாருங்கள். கணபதிப் பந்தலில் பத்து நாள் தாஷா மேளம் அடிக்கும்போதும், தீபாவளி வெடி வாரத்திலும், மே மாதம் ஊருக்குக் கிளம்பும் முன்பும் வேண்டாம்.

சொசைட்டிக்காரர்கள் (குடியிருப்பு சங்கத்தார்) இரண்டாவது பிராணி கூடாது என்கிறார்கள்.

விலங்குநல வாரியத்தின் வழிகாட்டுதல்படி, பெரும்பான்மை ஓட்டுப் போட்டுக்கூட வீட்டுப் பிராணிகளைச் சொசைட்டி தடைசெய்ய முடியாது. அசுத்தமும் தொல்லையும் இல்லாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. இந்த வாரியம் அமையக் காரணம் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அதற்காக ராஜ்ய சபாவில் போராடியவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல், 1962இல் வாரியம் தொடங்கியபோது முதல் தலைவரும் அவரே. எங்கள் செக்ரட்டரியிடம் இதைச் சொன்னேன். ‘பரதநாட்டியக்காரம்மாவா?’ என்று கேட்டுவிட்டு நோட்டீசைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

ஒன்றாகப் படுத்துத் தூங்கும் நாள் எப்போது வரும்?

வராமலே போகலாம். மிளகும் போண்டாவும் நான்கு வருடத்தில் ஒருமுறைகூட ஒட்டிப் படுத்ததில்லை. மதியம் வெயில் ஹாலுக்கு வரும்போது ஜன்னல் திண்டில் ஒன்று, வாஷிங் மெஷின் மேல் ஒன்று. நடுவில் நாலடி இடைவெளி. போன மாதம் மாமியார் அந்த இடைவெளியில் உளுந்து காயவைத்தார். இரண்டும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தன, ஒன்றன்பின் ஒன்றாக.